மலர்ப் புல்வெளிகளுக்கு நண்பர்களோடு: சுமந்து சுற்றுவதா, குடிலுக்குக் குடில் போவதா, ஓரிடத்தில் தங்குவதா?

உயர்மலைப் பூக்களைப் பார்க்க நாலைந்து நண்பர்கள் சேர்ந்து போகலாம் என்று பேச்சு எடுத்தால், முதல் வாக்குவாதம் 'எங்கே' என்பதில்தான் வரும். என் அனுபவத்தில் 'எப்படி' என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும். வழிகள் மூன்று. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, தினம் ஓர் இடத்தில் தங்கி, ஒரு பெரிய வட்டமாகச் சுற்றி வருவது ஒன்று. மலைக்குடில்களில் படுக்கையும் உணவும் முன்பதிவு செய்துகொண்டு சின்னப் பையோடு குடிலுக்குக் குடில் நடப்பது இன்னொன்று. ஒரே இடத்தில் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் திரும்பி வருவது மூன்றாவது. ஏறக்குறைய ஒரே நண்பர் கூட்டத்தோடு இந்த மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றுமே நல்ல பயணங்கள்தான். ஆனால் பூக்களைப் பார்த்தது என்று சொன்னால், மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பூக்காலத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் பேசிவிடுகிறேன். எந்த வழி என்பதே பாதி அதைப் பொறுத்துத்தான்.

மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே இருக்கும் புல்வெளிகள் ஆண்டின் பெரும்பகுதி பனிக்கு அடியில் கிடப்பவை. பனி விலகிய நாளிலிருந்து மறுபடி பனி விழும் வரை கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் துளிர்த்து, பூத்து, விதையும் போட்டாக வேண்டும். அதனால்தான் எல்லாம் ஒன்றாகப் பூத்துக் கொட்டுகின்றன. அமெரிக்காவின் ரெய்னியர் மலையில் அவலாஞ்ச் லில்லி என்றொரு வெள்ளைப் பூ இருக்கிறது. பனி முழுதாக உருகும் வரைகூடப் பொறுக்காது. மெலிந்துபோன பனி விளிம்பைத் துளைத்துக்கொண்டு தலையை நீட்டும். அந்த மலையில் பூக்களின் உச்சம் பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கொலராடோவில் ஜூலை. ஆல்ப்ஸில் 2,000 மீட்டர் வாக்கில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை. இமயமலையில் இருக்கும் மலர்ப் பள்ளத்தாக்கில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, அதாவது நல்ல மழைக்காலத்தில்.

இந்தத் தேதிகளை அப்படியே நம்பி டிக்கெட் போட்டுவிடக் கூடாது. பெரும்பாலான உயர்மலைச் செடிகளுக்கு அந்தந்தச் சரிவில் பனி உருகிய நாள்தான் கணக்கு. கொலராடோவில் காத்திக் என்ற பழைய சுரங்க ஊரில் ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே டேவிட் இனவுயி என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து, குறித்து வைத்த அதே இடங்களில் பூக்களை எண்ணிவந்தார். அந்தக் கணக்கை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, அங்கே பூக்காலம் 1970களில் இருந்ததைவிட 35 நாள் நீண்டுவிட்டது என்று காட்டியது. எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி நகரவும் இல்லை. சில முன்கூட்டியே பூக்கின்றன, சில கடைசியில் இழுத்துக்கொண்டு போகின்றன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் 'ஜூலை இரண்டாம் வாரம்' இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சுமந்து சுற்றும் வழிக்கு முதல் மதிப்பெண் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு வட்டப் பாதை பள்ளத்தாக்கில் இறங்கும், கணவாயில் ஏறும், நிழல் சரிவில் போகும், வெயில் சரிவில் போகும். கீழே பூ முடிந்து விதை பிடித்திருந்தாலும், மேலே பனி தேங்கிய பள்ளத்தில் அப்போதுதான் வசந்தம் ஆரம்பித்திருக்கும். நாள் கொஞ்சம் தப்பிப் போனாலும் எங்காவது ஓரிடத்தில் பூ கிடைத்துவிடும். ஓரிடத்தில் தங்குபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. குடில்வழிக்காரர்கள் பாடு இன்னும் சிரமம். பெயர் பெற்ற பாதைகளில் பல மாதங்களுக்கு முன்பே படுக்கை பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த ஆண்டு பனி எவ்வளவு விழும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சரி, சுமந்து சுற்றுவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். கொலராடோவில் மரூன் பெல்ஸ் சிகரங்களைச் சுற்றும் நான்கு கணவாய்ச் சுற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 43 கி.மீ. தூரம், நான்கு கணவாய்கள், நான்கும் 3,700 மீட்டருக்கு மேலே. இரவு தங்க முன்அனுமதி வேண்டும். கரடி திறக்க முடியாத கெட்டியான உணவு டப்பாவும் கட்டாயம். மூன்று நான்கு நாளில் முடிக்கிறார்கள். கோடை மதியங்களில் அந்தப் பக்கம் இடிமின்னல் சாதாரணம் என்பதால், நண்பகலுக்கு முன்பே கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி.

காலையில் ஏற வேண்டும், மதியத்துக்குள் இறங்க வேண்டும், முதுகில் பதினைந்து கிலோ. இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர் உணவே 700 முதல் 900 கிராம் வரை ஆகும். ஐந்து நாள் என்றால் சாப்பாடு மட்டும் நாலு கிலோ பக்கம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒல்லியான நண்பருக்கு அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். அப்போது அவர் கூடாரத்தை இன்னொருவர் தூக்க வேண்டும். அதை வீட்டில் இருக்கும்போதே பேசி முடிக்காவிட்டால் இரண்டாம் நாள் ஏற்றத்தில் முகம் வாடும்.

1892இல் நெயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 4 மணி நேரம் வரும். கனமான பையோடு, மெலிந்த காற்றில், ஐந்து பேராக நாங்கள் போனபோது அந்தத் தூரத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது. அதில் பூக்களுக்கு என்று நின்ற நேரத்தைக் கூட்டினால் முக்கால் மணி நேரம்கூட வராது. பை முதுகில் இருக்கும்போது மண்டியிட்டு ஒரு பூவைப் பார்ப்பது பெரிய வேலை. பட்டையைக் கழற்ற வேண்டும், இறக்கி வைக்க வேண்டும், மறுபடி தூக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் இறக்கவே இல்லை. கண்ணோரத்தில் நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன, நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

ஆனாலும் அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரு காலை மற்ற இரண்டு வழிகளிலும் கிடைக்கவே இல்லை. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் எதிரே புல்வெளி. இன்னும் வெயில் வரவில்லை. லூபின் செடியின் இலை விரித்த விரல்களைப் போல இருக்கும். அந்த விரல்கள் சேரும் நடுவில், ஒவ்வோர் இலையிலும் ஒரே ஒரு பனித்துளி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பூ ஒன்றில் உடம்பெல்லாம் மயிர் மூடிய பெரிய பம்பிள் தேனீ அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்தோம். இந்தத் தேனீக்கள் பறக்க வேண்டுமானால் மார்புத் தசை ஏறக்குறைய 30 டிகிரி சூடாக வேண்டும். குளிர் இரவில் வெளியே மாட்டிக்கொண்டவை பூவிலேயே தங்கிவிடும். வெயில் அந்தப் பூவைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் அதன் வயிறு துடிக்க ஆரம்பித்தது, உடல் நடுங்கியது, அப்புறம் ஒரு முனகலோடு கிளம்பிப் போனது. ஐந்து பேரும் பல்கூட விளக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புல்வெளிக்குள்ளேயே தூங்கி எழுபவர்களுக்குத்தான் இது கிடைக்கும்.

குடில்வழி இதற்கு நேர் எதிர். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றும் பாதை இதில் பெயர் பெற்றது. சுமார் 170 கி.மீ., பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் பக்கம். முழுதாகச் சுற்றப் பத்து நாளுக்கு மேல் ஆகும். பகுதியாகவும் நடக்கலாம். படுக்கை, போர்வை, இரவு உணவு எல்லாம் குடிலில் இருப்பதால் பையில் மழைச்சட்டை, மாற்றுத்துணி, மெல்லிய உறக்கத்துணி, தண்ணீர் இருந்தால் போதும். ஆறேழு கிலோவில் அடங்கிவிடும். முட்டிவலி உள்ள நண்பர் இந்த வழியில் முகத்தைச் சுளிக்காமல் வந்தார். மழை கொட்டினாலும் இரவில் உலர்ந்த கம்பளிக்குள் படுக்கலாம். நீண்ட மேசையில் வேற்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது, எந்தச் சரிவில் என்ன பூத்திருக்கிறது என்று எதிர்த்திசையில் இருந்து வந்தவர்களே சொன்னார்கள். அதைவிட நல்ல தகவல் எங்கேயும் கிடைக்காது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. கடிகாரம். சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் அதற்குள் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அடுத்த குடிலில் இன்று இரவுக்குத்தான் படுக்கை இருக்கிறது, நாளைக்கு இல்லை. ஒரு சரிவு முழுக்க நீல ஜென்ஷியன் என்று முந்தின இரவு ஒருவர் சொல்லியிருந்தார். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடிவிட்டது. ஜென்ஷியன்களில் பல வகைகள் வெயில் மறைந்தாலே இதழை முறுக்கி மூடிக்கொள்ளும். சரிவெங்கும் பச்சைப் புல்லில் பென்சில் முனை மாதிரி மொட்டுகள்தான் நின்றன. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் வெயில் வந்திருக்கலாம், மறுநாள் காலை நிச்சயம் வந்திருக்கும். எங்களால் இரண்டும் முடியவில்லை. பத்து கி.மீ. பாக்கி இருந்தது. கணவாய் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், கீழே அந்தச் சரிவில் மட்டும் வெயில் விழுந்திருந்தது.

அந்த ஒரு மதியம்தான் என்னை மூன்றாவது வழிக்குத் தள்ளியது.

ஓரிடத்தில் தங்குவது என்றால் சோம்பேறிகளின் வழி என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். இமயத்தின் மலர்ப் பள்ளத்தாக்கின் கதையை அவருக்குச் சொன்னேன். 1931இல் பிராங்க் ஸ்மைத் என்ற பிரிட்டிஷ் மலையேறி காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். வெளியுலகத்துக்கு அதன் பெயர் பரவக் காரணமே அவர்தான். ஆனால் போகிற போக்கில் பார்த்தது அவருக்குப் போதவில்லை. 1937இல் திரும்பி வந்து, அங்கே முகாம் போட்டுத் தங்கி, செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். சிகரம் ஏறுபவருக்கே பூக்களைப் பார்க்கத் தங்க வேண்டியிருந்தது.

இன்று அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 1982இல் அறிவித்தார்கள், 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே யாரும் கூடாரம் போடக் கூடாது. சுமார் 3,000 மீட்டரில் இருக்கும் காங்கரியாவில் தங்கி, காலையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சட்டமே மூன்றாவது வழியைத்தான் அனுமதிக்கிறது. ஒரு நாள் பள்ளத்தாக்கு, மறுநாள் ஹேம்குண்ட் ஏரிக்கு ஏறும் வழியில் பிரம்மகமலம் (நம் வீடுகளில் இரவில் பூக்கும் கள்ளிப் பூ இல்லை, இமயத்து உயர்மலைப் பூ), மூன்றாம் நாள் மறுபடி பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 'மறுபடி'தான் இந்த வழியின் உயிர். முதல் நாள் மழையில் தலை குனிந்து நின்ற பூ மூன்றாம் நாள் நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் வெறும் நீலமாகத் தெரிந்தது, மூன்றாம் நாள் நாலு வேறு வேறு செடிகள் என்று கண்ணுக்குப் புரியும்.

நண்பர்கள் விஷயத்தில்தான் இதன் பெருமை நன்றாகத் தெரியும். ஐந்து பேர் போனால் ஐந்து வேகம் இருக்கும். ஒருவர் கேமராவோடு ஒரே பூவில் இருபது நிமிடம் நிற்பார், இன்னொருவருக்கு உச்சியைத் தொடாமல் தூக்கம் வராது. சுமந்து சுற்றும்போது இந்த இரண்டு பேரும் ஒரே கூடாரம், ஒரே அடுப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். பிரிய முடியாது. ஓரிடத்தில் தங்கினால், இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் பள்ளத்தாக்கில், தலைவலிக்கிறவர் அறையில் என்று பிரிந்து சாயங்காலம் ஒன்றாகச் சேரலாம். அந்தச் சாயங்காலப் பேச்சு, ஒன்றாகவே நடந்த நாட்களின் பேச்சைவிட நன்றாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் மற்றவர் பார்க்காதது ஒன்று இருந்தது. தனியாக மட்டும் யாரையும் விடக் கூடாது. 1939இல் ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியலாளர் அந்தப் பள்ளத்தாக்கில்தான் செடி சேகரிக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. பூவைப் பார்க்கும் கண் காலடியைப் பார்ப்பதில்லை.

உயரத்துக்கு உடம்பு பழகுவதிலும் இந்த வழி எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது மருத்துவர்கள் தரும் அறிவுரை. பகலில் உயரே போய்விட்டு இரவில் கீழே வந்து தூங்குபவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும். வட்டப் பாதையில் இதற்காகவே திட்டம் போட வேண்டும்.

இழப்பு என்னவென்றால், விடியலும் அந்தியும் போய்விடும். நாம் உள்ளே நுழையும்போது வெயில் ஏறியிருக்கும். அதே நுழைவுப் பாதையில் தினமும் நடக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு போக வேண்டும். நாள் தப்பினால் மாற்று இடமும் இல்லை.

செலவு, சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடில்வழியில் பணம் கூடுதல், சாமான் குறைவு. சுமந்து போவதில் எல்லாம் தலைகீழ். ரெய்னியரைச் சுற்றும் 150 கி.மீ. பாதையில் நடப்பவர்கள் வழியில் உள்ள வனக்காவல் நிலையங்களுக்கு உணவை முன்கூட்டியே அனுப்பி வைத்து முதுகுச் சுமையைக் குறைக்கிறார்கள். போகும் பாதையில் இப்படி வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் தராசில் வைக்க வேண்டும். அந்தப் புல்வெளிக்கு நம்மால் ஆகும் சேதம். பாசி காம்பியன் என்று பாறை ஓரத்தில் மெத்தை போலப் படரும் இளஞ்சிவப்புப் பூச்செடி ஒன்று உண்டு. முதல் பூ வரவே அதற்குப் பத்தாண்டு வாக்கில் ஆகலாம். கொலராடோவில் நினைவுத்தூண் செடி என்பார்கள், ஆள் உயரத்துக்குப் பூந்தண்டு விடும். இருபது முதல் எண்பது ஆண்டு வரை வெறும் இலைக்கொத்தாக உட்கார்ந்திருந்து, ஒரே ஒரு முறை பூத்துவிட்டு இறந்துவிடும். பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் குறிஞ்சியை நினைத்து வியந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நாலு பேர் கூடாரம் விரித்தால் ஓர் ஆளின் ஆயுள் அளவு காத்திருப்பு ஓர் இரவில் போய்விடும். எனவே சுமந்து போகிறவர்களுக்குப் பொறுப்பு அதிகம். ஏற்கெனவே மண் தெரியும் தங்குமிடத்தில்தான் கூடாரம், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. பாதையில் சேறு இருந்தால் சேற்றில் இறங்கியே ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும், ஓரமாக ஒதுங்கினால் பாதை அகலமாகிக்கொண்டே போகும். ஐந்து பேர் சேர்ந்து படம் எடுக்கப் புல்லுக்குள் இறங்குவது கூடவே கூடாது. கூட்டத்தில் ஒருவராவது இதைக் கேட்க மாட்டார் என்று தோன்றினால், சுமந்து சுற்றும் வழியே வேண்டாம்.

நான் எங்கே வந்து நிற்கிறேன் என்றால், முதல் முறை போகும் கூட்டத்துக்கு ஓரிடத்தில் தங்குவதைத்தான் சொல்வேன். தங்கும் இடம் நல்ல பூவெளிக்கு ஒரு மணி நடைக்குள் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும். நடப்பதே பிரதானம், வழியில் பூ இருந்தால் சந்தோஷம் என்பவர்களுக்குக் குடில்வழி. அதிலும் ஏதாவது ஒரு குடிலில் இரண்டு இரவு பதிவு செய்துவிடுங்கள், எங்களைப் போல ஜென்ஷியனை மொட்டாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்காது. முழுச் சுற்றைச் சுமந்து போவது, ஏற்கெனவே ஒன்றாக இரண்டு மூன்று பயணம் போய், ஒருவர் பையில் என்ன கனக்கிறது என்று மற்றவருக்குத் தெரிந்த நண்பர்களுக்கு.

இவற்றுக்கு நடுவே இன்னொரு வழி இருக்கிறது. அனுமதி உள்ள இடத்தில், ஒரே நாள் மட்டும் சுமையோடு நடந்து, புல்வெளி ஓரத்தில் குறித்துவிட்ட தங்குமிடத்தில் கூடாரம் போட்டு, மூன்று இரவு அங்கேயே இருப்பது. மற்ற நாட்களில் முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும். விடியல் கிடைக்கும், 'மறுபடி'யும் கிடைக்கும். அடுத்த பயணத்துக்கு இதைத்தான் பேசி வைத்திருக்கிறோம். முட்டிவலி நண்பரிடம்தான் முதலில் கேட்டேன். அந்த ஒரு நாள் சுமைக்கு ஒப்புக்கொண்டார், கூடாரத்தை மட்டும் நான் தூக்க வேண்டுமாம்.